செப்டம்பரில் விழுந்தவர்கள்

பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவித்துவிட்டு, கோயில் கேன்டீனில் புளியோதரைப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு காரில் ஏறும்போதே அத்தானுக்கு அவசரம். மூன்று மணிக்குள் கொலம்பஸ் போய்ச் சேராவிட்டால் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காதாம். அன்று 2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை. இரவு ஏழரைக்கு ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டம். "ஏழரைக்கு ஆட்டம்னா மூணு மணிக்கு அங்க என்ன அத்தான் வேலை?" என்று கேட்டேன். அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பி, "வந்து பாரு, தெரியும்" என்றாள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து கொலம்பஸ் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 70-ஆம் எண் நெடுஞ்சாலை பென்சில்வேனியாவை விட்டதும் மேற்கு வர்ஜீனியாவின் ஒல்லியான ஒரு துண்டைக் கடக்கிறது. வீலிங் என்ற ஊரில் மலையைக் குடைந்த பாதைக்குள் புகுந்து வெளியே வந்தால் ஓஹியோ ஆறு. பக்கத்திலேயே 1849-இல் கட்டிய பழைய தொங்குபாலம். ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் குன்றுகள், பிறகு சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. பண்ணை வீடுகளின் வாசலில், கார்களின் ஜன்னலில், பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் பெண்ணின் தொப்பியில் என்று எங்கும் சிவப்பும் சாம்பலும். ஓஹியோ ஸ்டேட்டின் நிறங்கள் அவை.

அத்தான் மென்பொருள் வேலைக்காக அமெரிக்காவுக்கு வந்தவர். கிரிக்கெட் தவிர வேறு எதையும் மதிக்காதவர் என்று அவரை நினைத்திருந்தேன். "இந்த ஆட்டம் தெரியாட்டி திங்கட்கிழமை ஆபீஸ்ல நம்மகூடப் பேச ஆள் கிடையாது மாப்ள" என்று சொல்லிவிட்டு வழி முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார். நம் ஊர்க் கால்பந்து இல்லை இது. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தை எங்கே, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன் குவார்ட்டர்பேக். அவனை எதிரணித் தடியர்கள் நசுக்கிவிடாமல் காப்பது முன்வரிசை. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி கூட்டத்தின் சத்தத்திலேயே புரிந்துவிடும் என்றார். உண்மைதான்.

இந்தப் பைத்தியத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வேண்டும். கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டில் அந்த ஆண்டு 134 அணிகள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான பருவத்தில் வெறும் 12 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. அதனால் யார் பெரியவன் என்பதைப் பெரும்பாலும் வாக்குப் போட்டுத்தான் தீர்மானித்து வந்தார்கள். பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. தரவரிசை 1936-இல் தொடங்கியது. 2014-இல் ஒரு குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்து பிளேஆஃப் நடத்தும் முறை வந்தது. 2024-இல் அது 12 அணியானது. பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ஒன்றில் தோற்றால் மறுநாள் மறந்துவிடும். இங்கே ஒரு தோல்வி ஊரையே ஒரு வாரம் தூங்கவிடாது. அதுவும் செப்டம்பரிலேயே தோற்றால், 'இனி இவர்களை நம்பலாமா' என்ற கேள்வி டிசம்பர் வரை கூடவே வரும்.

கொலம்பஸில் லேன் அவென்யூவுக்கு அருகே ஒரு வாகன நிறுத்தத்தில் இடம் கிடைத்தது. மூன்று மணிக்கு ஏன் வரவேண்டும் என்பது அப்போது விளங்கியது. டெயில்கேட் என்கிறார்கள். டிரக்கின் பின்கதவைத் திறந்து போட்டு, கூடாரம் கட்டி, அடுப்பு மூட்டி, ஆட்டம் தொடங்கும்வரை தின்று குடித்துப் பேசும் திருவிழா. தகரத்தில் கொழுப்பு சொட்டும் புகை, ஜெனரேட்டர் இரைச்சல், சாய்வான பலகையின் ஓட்டைக்குள் தானியப் பையை எறிந்து விளையாடும் பிள்ளைகள், எழுபது வயதுப் பாட்டிக்கும் சிவப்பு ஜெர்சி. பெருமாள் கோயில் புளியோதரை காகிதத் தட்டில் பக்கத்துக் கூடாரத்துக்குப் போய், அங்கிருந்து சுட்ட சோளம் திரும்பி வந்தது. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் புளியோதரையில் இருந்த மிளகாயைக் கடித்துவிட்டு இரண்டு பீர் குடித்தார். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை.

அக்கா மகன் ஓஹியோ ஸ்டேட்டில் பொறியியல் படிக்கிறான். நண்பர்களோடு வந்து சேர்ந்தான். "மாமா, இன்னைக்கு நம்ம மேட்ச்ல ஒண்ணும் இல்ல. வெஸ்டர்ன் மிச்சிகன் சும்மா வராங்க. அங்க பாருங்க" என்று பெரியவரின் டிரக்கில் கட்டியிருந்த டிவியைக் காட்டினான். திரையில் நோட்டர் டேம். இண்டியானா மாநிலத்து சவுத் பெண்டில் இருக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், இந்த ஆட்டத்தின் பழம்பெரும் குடும்பங்களில் ஒன்று. முந்தின வாரம்தான் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அவர்கள் ஊரிலேயே 23–13 என்று வீழ்த்தியிருந்தது. தரவரிசையில் 5-ஆம் இடம். எதிரே நார்தர்ன் இல்லினாய். சோளக்காட்டு ஊரான டிகால்பிலிருந்து வந்த சின்ன அணி. சூதாட்டக் கணக்கில் நோட்டர் டேம் நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன அணிகள் பெரிய அணிகளின் ஊருக்கு வருவது ஆசைப்பட்டு அல்ல, கூலிக்கு. வந்து அடிவாங்கிக்கொண்டு போக அவர்களுக்குப் பணம் கொடுப்பார்கள். நோட்டர் டேம் அந்த ஆட்டத்துக்காக நார்தர்ன் இல்லினாய்க்குக் கொடுத்தது 14 லட்சம் டாலர். அந்தப் பணத்தில்தான் அவர்களுடைய மற்ற விளையாட்டுத் துறைகள் ஓடும். பெரிய அணிக்கு ஒரு சுலப வெற்றி, சின்ன அணிக்கு ஆண்டுச் செலவில் ஒரு பங்கு. எனக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலிக்கு வந்தவன் வீட்டுக்காரனை அடித்துப் போட்டுவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும் சுகமும் இந்த ஏற்பாட்டில்தான் கிடைக்கிறது.

அன்று அதுதான் நடந்தது. நோட்டர் டேமின் குவார்ட்டர்பேக் ரைலி லெனர்ட் கடைசி ஆறு நிமிடத்தில் பந்தை எதிரணியின் கையில் எறிந்தான். அன்று அவன் அப்படி எறிந்தது இரண்டாவது முறை. அங்கிருந்து நார்தர்ன் இல்லினாய் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கூடாரங்களில் பேச்சு நின்று எல்லாரும் அந்த ஒரு டிவி முன்னால் கூடிவிட்டார்கள். 31 விநாடி மிச்சமிருக்கும்போது 35 கஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார்கள். 16–14. நோட்டர் டேமுக்கு ஒரே வழிதான் இருந்தது, 62 கஜத்திலிருந்து ஒரு உதை. அதை எழும்பும்போதே கையால் தடுத்துவிட்டான் ஒருவன். நார்தர்ன் இல்லினாயின் பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் கேமரா முன்னால் பேச முடியாமல் அழுதார். நிறுத்தம் முழுக்க ஆரவாரம். யார் கையிலிருந்த பீரோ என் சட்டையில் கொட்டியது.

கொலம்பஸ்காரர்களுக்கு நோட்டர் டேம் தோல்வியில் கூடுதல் ருசி உண்டு. அதன் பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமன் ஓஹியோவில் வளர்ந்தவர், 2008 வரை ஓஹியோ ஸ்டேட்டுக்கே ஆடியவர். முந்தின ஆண்டு இதே செப்டம்பரில் சவுத் பெண்டில் நடந்த ஆட்டத்தில் ஓஹியோ ஸ்டேட் ஒரு விநாடி மிச்சமிருக்க டச்டவுன் போட்டு 17–14 என்று வென்றது. அந்தக் கடைசித் தாக்குதலின்போது நோட்டர் டேம் தரப்பில் களத்தில் நின்றவர்கள் 11 பேர் இல்லை, 10 பேர். யாரோ உள்ளே வர மறந்துவிட்டார்கள். இந்தக் கதையை அன்று மாலை எனக்கு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூவருக்கும் சொல்லும்போதே சிரிப்புத் தாங்கவில்லை.

"அவ்வளவுதான், இந்த வருஷம் அவங்க கதை முடிஞ்சது" என்றான் மருமகன். அவன் நண்பன், 21 வயது நிரம்பியவன், கைபேசியில் சூதாட்டச் செயலியைத் திறந்து நோட்டர் டேம் கோப்பை வெல்லும் விலை எப்படிச் சரிகிறது என்று காட்டினான். ஓஹியோவில் 2023 ஜனவரி 1 முதல் விளையாட்டுச் சூதாட்டம் சட்டப்படி நடக்கிறது. காலையில் ஃபேவரிட் வரிசையில் இருந்த அணி, மாலையில் பெயர் தேட விரலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது.

புளியோதரைப் பெரியவர் சிரித்தார். "நேத்தோட பத்து வருஷம் ஆச்சு. அன்னைக்கு நான் அதோ அந்த ஸ்டேடியத்துக்குள்ளே இருந்தேன். எங்களையும் இப்படித்தான் முடிஞ்சதுன்னாங்க" என்றார், அவருடைய ஆங்கிலத்தில். அத்தான் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் உற்சாகத்தில் பாதியை அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

2014 செப்டம்பர் 6. அந்த ஆண்டு ஓஹியோ ஸ்டேட்டின் நம்பிக்கை நட்சத்திரம் பிராக்ஸ்டன் மில்லர். பருவம் தொடங்கப் பன்னிரண்டு நாளே இருக்கும்போது பயிற்சியில் எறியும் தோள் போயிற்று. அவன் இடத்துக்கு வந்தவன் ஜே.டி. பேரட், அதுவரை கல்லூரி ஆட்டமே ஆடாத பையன். அவனுக்கு முன்னே நின்ற முன்வரிசையில் ஐந்தில் நான்கு பேர் புதியவர்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு வர்ஜீனியா டெக் கொலம்பஸ் வந்தது. அரங்கத்தில் 1,07,517 பேர், அதுவரை அங்கே கூடியதிலேயே பெரிய கூட்டம். வர்ஜீனியா டெக்கின் தற்காப்புப் பயிற்சியாளர் பட் ஃபாஸ்டர் துணிந்து ஒரு காரியம் செய்தார். பின்னால் காவலுக்கு ஆளே வைக்காமல், எல்லாரையும் முன்னுக்கு இழுத்துக் குவார்ட்டர்பேக் மேல் ஏவிவிட்டார். புது முன்வரிசைக்கு யாரை மறிப்பது என்றே தெரியவில்லை. பேரட்டை ஏழு முறை தரையில் சாய்த்தார்கள். மூன்று முறை பந்தைப் பறித்தார்கள், கடைசியாகப் பறித்தவன் அதை 63 கஜம் ஓடிக் கொண்டுபோய் எல்லைக்குள் வைத்தான். 35–21. எட்டாம் இடத்திலிருந்த ஓஹியோ ஸ்டேட் மறுநாள் 22-ஆம் இடத்தில்.

"அதோட போச்சா? நம்மள அடிச்ச வர்ஜீனியா டெக் அடுத்த வாரமே ஈஸ்ட் கரோலினாகிட்ட தோத்துட்டான். அந்த வருஷம் அவன் 7 வெற்றி, 6 தோல்வி. ஒவ்வொரு வாரமும் நம்ம தோல்வி இன்னும் கேவலமாத் தெரிஞ்சது" என்றார் அத்தான்.

செப்டம்பர் தோல்வியின் நஞ்சு இதில்தான் இருக்கிறது. தோற்ற நாளோடு அது நிற்பதில்லை. உன்னை வென்றவன் அதற்குப் பிறகு எப்படி ஆடுகிறான் என்பதைப் பொறுத்து உன் தோல்வியின் கனம் ஏறும், இறங்கும். அவனை உன் கையால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் அந்தத் தோல்வி இன்னொன்றையும் செய்தது. முதல் மழை வந்தால்தான் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். முன்வரிசைக்கு ஒரே நேரத்தில் பலரை மறிக்கத் தெரியவில்லை என்பது நாடு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அடுத்து வந்த அணிகள் எல்லாம் அதே இடத்தில்தான் அடிக்கும். பயிற்சியாளர் அர்பன் மேயரும் அவர் ஆட்களும் அதையே சரிசெய்தார்கள். கென்ட் ஸ்டேட்டை 66–0. நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 49–37. அதே முன்வரிசை, அதே பையன்கள், வேறு அணி.

பிறகு நடந்தது எந்தக் கணக்கிலும் அடங்காதது. மிச்சிகனோடு நடந்த ஆட்டத்தில் பேரட்டின் கணுக்கால் முறிந்தது. மூன்றாவது குவார்ட்டர்பேக்காக உட்கார்ந்திருந்த கார்டேல் ஜோன்ஸ் தன் வாழ்வின் முதல் முழு ஆட்டமாக மாநாட்டு இறுதியில் இறங்கினான் (மாநாடு என்பது இங்கே அணிகளின் கூட்டமைப்பு). விஸ்கான்சினை 59–0 என்று நொறுக்கினார்கள். பிளேஆஃப் குழு அவர்களை நான்காவதாக உள்ளே எடுத்தது. அந்த வாரம் 55–3 என்று வென்ற டி.சி.யூ. மூன்றிலிருந்து ஆறுக்குப் போய் வெளியே நின்றது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் ஆறவில்லை. அரையிறுதியில் அலபாமா 42–35. இறுதியில் ஓரிகன் 42–20. விஸ்கான்சின், அலபாமா, ஓரிகன் ஆகிய இந்த மூன்று ஆட்டங்களிலும் சூதாட்டக்காரர்களின் ஃபேவரிட் ஓஹியோ ஸ்டேட் இல்லை, எதிரணிதான். செப்டம்பரில் இழந்த, கோப்பைக்கான ஃபேவரிட் என்ற பட்டத்தைக் கோப்பை கைக்கு வரும்வரை அவர்கள் திரும்பப் பெறவே இல்லை.

"2017-ஐச் சொல்லுங்க, 2021-ஐச் சொல்லுங்க" என்று மருமகன் விடவில்லை. அவன் பக்கமும் நியாயம் இருந்தது. 2017 செப்டம்பரில் இதே அரங்கத்தில் ஓக்லஹோமா 31–16 என்று வென்று, அதன் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு தங்கள் கொடியைக் களத்தின் நடுவே நட்டான். ஓஹியோ ஸ்டேட் மீண்டதுபோல் இருந்தது. நவம்பரில் அயோவாவில் போய் 55–24 என்று கவிழ்ந்தது. மாநாட்டுக் கோப்பையை வென்றும் பிளேஆஃப் இல்லை. 2021 இன்னும் தெளிவான உதாரணம். செப்டம்பரில் ஓரிகன் இங்கே வந்து 35–28 என்று வென்றபோது 269 கஜம் தரையிலேயே ஓடி எடுத்தது. ஓஹியோ ஸ்டேட்டின் தற்காப்புக்கு அந்த ஓட்டத்தை நிறுத்தத் தெரியவில்லை. பயிற்சியாளர் ரயன் டே தற்காப்பை நடத்தும் ஆளையே மாற்றினார். அடுத்தடுத்த வெற்றிகளில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். நவம்பரில் மிச்சிகன் 297 கஜம் ஓடியது. ஹசன் ஹாஸ்கின்ஸ் ஒருவனே ஐந்து டச்டவுன். 42–27, கோப்பைக் கனவு முடிந்தது. செப்டம்பரில் ஒழுகிய அதே இடம்.

மூன்று செப்டம்பர், ஒரே ஊர், ஒரே அரங்கம், ஒரே ஒரு கோப்பை. வித்தியாசம் எத்தனை புள்ளியில் தோற்றார்கள் என்பதில் இல்லை. 2014-இல் 14 புள்ளி, அதுவும் பருவ முடிவில் சாதாரண அணியாகப் போனவனிடம். 2021-இல் வெறும் ஏழு புள்ளி, அதுவும் நல்ல அணியிடம். புள்ளியை மட்டும் பார்த்தால் 2021 அணிதான் தேறியிருக்க வேண்டும்.

அரங்கம் பற்றிக் கொஞ்சம். ஒலன்டாஞ்சி ஆற்றங்கரையில் 1922-இல் கட்டிய கான்கிரீட் குதிரைலாடம். வடக்கு வாயிலின் குவிமாடத்தை ரோமாபுரியின் பாந்தியன் மாதிரி செய்திருக்கிறார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் பூ வேலைப்பாடு, கீழே பார்த்தால் கடலைத் தோல். இருக்கை 1,02,780. பித்தளை வாத்தியமும் முரசும் மட்டுமே கொண்ட பேண்டு வாத்தியக்காரர்கள் வரிசை வளைத்து மாநிலத்தின் பெயரை ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதுகிறார்கள். ஒரு சூசஃபோன்காரன் தனியாக நடந்துபோய்ப் புள்ளியாக நின்று வணங்குகிறான். ஒரு லட்சம் பேர் அந்தப் புள்ளிக்காக எழுந்து கத்துகிறார்கள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. 56–0. அரைமணியில் தெரிந்துவிட்டது. அதன்பின் நான் பார்த்துக்கொண்டிருந்தது கோப்பை வென்ற ஆண்டுகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்த வரிசையைத்தான். 1942-இல் தொடங்கி, 2002, கடைசியில் 2014. செப்டம்பர் 6 பற்றி அங்கே ஒரு குறிப்பும் இல்லை.

மறுநாள் சிகாகோவுக்குப் போகும் குடும்ப நண்பர் ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டேன். கொலம்பஸிலிருந்து வடமேற்கே போகும் 33-ஆம் எண் சாலை. மேரிஸ்வில்லில் ஹோண்டா ஆலை, அப்புறம் பெல்ஃபான்டெயின். அமெரிக்காவின் முதல் கான்கிரீட் தெரு 1891-இல் போட்டது அந்த ஊரில்தான். நீல் ஆம்ஸ்ட்ராங் பிறந்த வாபகொனெட்டாவைத் தாண்டி, ஃபோர்ட் வெய்னில் ஒரு காபி. சவுத் பெண்டில் இறங்கிப் பார்க்காமல் போவதில்லை என்று நண்பரிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

ஞாயிறு மதியம். பல்கலைக்கழகத்தின் தங்கக் குவிமாடம் வெயிலில் கண்ணைக் கூசச்செய்தது. நூலகத்தின் சுவர் உயரத்துக்கு 1964-இல் அமைத்த கிறிஸ்து சித்திரம், இரு கைகளையும் உயர்த்தியபடி அரங்கத்தைப் பார்த்து நிற்கிறது. நடுவர் டச்டவுன் காட்டுவதும் அதே சைகைதான் என்பதால் ஊர்க்காரர்கள் அதை வைத்தே அதற்குச் செல்லப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். லூர்து குகையைப்போல் 1896-இல் கட்டிய குகைக்கோயிலில் மெழுகுவர்த்தி வரிசைகள் காற்றில் படபடத்தன. நோட்டர் டேம் தொப்பி போட்ட ஒரு அப்பாவும் மகனும் ஆளுக்கொன்று ஏற்றினார்கள். முந்தின நாள் ஆட்டத்துக்காகவா என்று கேட்க வாய் வரவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் அங்கே நிற்கும்போதே புதிய தரவரிசை வந்தது. நோட்டர் டேம் 5-இலிருந்து 18. நார்தர்ன் இல்லினாய் 25-ஆம் இடத்தில் உள்ளே. புத்தகக் கடையில் டி-ஷர்ட் மடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் சொன்னேன். "பதினெட்டா? நான் வச்சிருந்தா இன்னும் கீழே வச்சிருப்பேன்" என்றார். பிறகு மடித்த சட்டையைத் தட்டி அடுக்கிவிட்டு, "இன்னும் பத்து ஆட்டம் இருக்கு. அந்தப் பையன் பந்தை எதிராளிகிட்ட எறியாம இருக்கட்டும், அது போதும்" என்றார். தரவரிசைக்கு வாக்குப் போடும் பத்திரிகையாளர்களைவிட இந்த அம்மாளுக்கு விஷயம் தெரியும் என்று அப்போதே நினைத்தேன்.

அந்தப் பத்தையும் நோட்டர் டேம் வென்றது. லெனர்டின் கையை அதிகம் நம்பாமல் அவன் காலையும் தற்காப்பையும் நம்பி ஆடினார்கள். 12 அணி பிளேஆஃபின் ஆட்ட வரிசையில் ஏழாவதாக நுழைந்து, டிசம்பர் 20 அன்று சொந்த ஊரிலேயே இண்டியானாவை 27–17 என்று வென்றார்கள். ஒரு கல்லூரியின் சொந்த மைதானத்தில் நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டம் அது. பிறகு ஜார்ஜியா 23–10, பென் ஸ்டேட் 27–24. ஓஹியோ ஸ்டேட்டின் அந்த ஆண்டுக் கதை இன்னும் கோணல். அக்டோபரில் ஓரிகனிடம் 32–31. நவம்பர் 30 அன்று சொந்த ஊரில் மிச்சிகனிடம் 13–10, அதுவும் பெரிய ஃபேவரிட்டாக இறங்கி. எதிரணியின் பலமே நடுவில் இருக்க, அதே நடுவில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டார்கள். ரயன் டேயைத் துரத்த வேண்டும் என்று கொலம்பஸே கொதித்தது. மருமகன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். மூன்று வாரம் கழித்து டென்னசிக்கு எதிராக முதல் தாக்குதலிலிருந்தே பந்தைத் தூக்கி ஓரத்தில் எறிந்தார்கள், பிடிக்க ஜெரமையா ஸ்மித் என்ற முதலாண்டுப் பையன் இருந்தான். 42–17. அதற்குப் பின் ஓரிகன், டெக்சஸ்.

2025 ஜனவரி 20, அட்லாண்டா. இறுதியில் ஓஹியோ ஸ்டேட் 34, நோட்டர் டேம் 23. நானும் ஊரில் விடியற்காலை விழித்திருந்து பார்த்தேன். ஆட்டம் முடியப்போகும்போது 56 கஜத்துக்கு ஒரு நீள எறிதலைப் பிடித்துத் தகராறைத் தீர்த்ததும் அதே ஸ்மித்.

செப்டம்பரில் சொந்த மைதானத்தில் சின்ன அணியிடம் தோற்றவனை ஃபேவரிட் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று நோட்டர் டேமைப் பதினெட்டில் தள்ளியது சரியான தண்டனை. ஆனால் அந்தத் தண்டனையை வைத்து ஜனவரியைப் பற்றி ஆருடம் சொன்னவர்கள்தான் ஏமாந்தார்கள். பிளேஆஃபின் ஆட்ட வரிசை வேறு, குழுவின் தரவரிசை வேறு. குழுவின் கடைசித் தரவரிசையில் முதல் நான்கு இடம் ஓரிகன், ஜார்ஜியா, டெக்சஸ், பென் ஸ்டேட். நோட்டர் டேம் ஐந்து, ஓஹியோ ஸ்டேட் ஆறு. 2014-இன் நான்கு அணி முறையே நீடித்திருந்தால், அட்லாண்டாவில் கோப்பைக்கு ஆடிய இரண்டு அணிகளும் அன்று வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கும்.